ஒரே முகம், இரண்டு கதவு

அத்தியாயம் 6

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று அண்ணி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"தானா வந்து ஒத்துக்கிட்டான் மேடம். உடைஞ்ச லைட்டு அவன் கார்ல இருக்கு. ரோட்ல கிடந்த கண்ணாடித் துண்டு அதுல கச்சிதமாப் பொருந்துது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"அன்னிக்குக் காலைல அந்தக் கார் அவர்கிட்ட இல்ல. பொண்ணு எடுத்துட்டுப் போயிருக்கா. அவளே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கா."

"அப்ப பொண்ணைப் பிடிச்சு உள்ள வைக்கட்டுமா? ரெண்டு பேர்ல ஒருத்தர். அப்பன் ஒத்துக்கிட்டான், எனக்கு வேலை மிச்சம். நாலு மணிக்குக் கோர்ட்டு."

வேலை மிச்சம் என்றதைக் கேட்டதும் அண்ணிக்குக் காது மடல் சூடேறியது. அவளுடைய கோபம் எப்போதும் காதில்தான் ஆரம்பிக்கும்.

அண்ணி இருபத்திரண்டு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலை பார்த்தவள். நசுங்கிய வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தால் போதும், யார் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். கடைசியில் கம்பெனியே பொய் சொல்கிறது என்று சொன்ன அன்று வேலை போயிற்று. அதற்கப்புறம் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். உதவிக்குக் கணவரின் தம்பி. அவன் வாய் ஓயாததால் ஊரே அவனை ரேடியோ என்று கூப்பிட்டது. அவன் தெருவுக்குத் தெரு "அண்ணி, அண்ணி" என்று கத்தியதில் அவளுடைய சொந்தப் பெயர் எங்கோ தொலைந்து, போலீஸ்காரர்கள்கூட முதுகுக்குப் பின்னால் அண்ணி என்றுதான் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். நான்கு நாளைக்கு முன்னால், பன்னிரண்டாம் தேதி, விடியற்காலை ஐந்து இருபத்தைந்துக்கு, பேக்கரியில் மாவு பிசையும் பெண் ஒருத்தி வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய குட்டிக் கார் அவளை இடித்துத் தள்ளியது. கார் நின்றது. பிறகு போய்விட்டது. ஆஸ்பத்திரி இரண்டே தெரு தள்ளி. தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தால் நான்கு நிமிஷம். முந்தாநாள் அந்தப் பெண்ணின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வயது இருபத்தெட்டு.

அடுத்த நாள் சாயங்காலம், போலீஸ் இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போதே, கார் மெக்கானிக் ஒருவர் ஸ்டேஷனுக்குள் நடந்து வந்து, இடித்தது நான்தான் என்றார்.

அண்ணி அவரைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். ஐம்பத்தைந்து வயது, நகக்கண்ணில் கருப்பு எண்ணெய், சவரம் செய்யாத முகம். அடித்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றார், அது உண்மை என்று தெரிந்தது. இடித்ததும் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, பாடம் ஒப்பிப்பதுபோல நான்கு வரி சொன்னார். அந்தப் பெண் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். மகள் டியூட்டிக்குப் போகிறாளா என்று மட்டும் விசாரித்தார்.

வெளியே வந்ததும் ரேடியோ, "அண்ணி, இவர் இடிக்கல. இவர் யாருக்காகவோ..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு. அந்தப் பொண்ணு முன்னாடி இதைப் பேசாத."

அந்தப் பொண்ணு, அதாவது மெக்கானிக்கின் மகள், ஸ்டேஷன் பின்கட்டில் பறிமுதல் வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இருபத்து நான்கு வயது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். சீருடையோடு வந்திருந்தாள். அண்ணியிடம் கேஸைக் கொடுத்தவள் அவள்தான். கொடுக்கும்போது அழவில்லை, மேஜையைத் தட்டினாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அண்ணி கேஸை எடுத்துக்கொண்டாள்.

"அடிச்சுத்தானே ஒத்துக்க வச்சாங்க?" என்றாள் வந்ததும் வராததுமாக.

"அடிக்கல."

"அப்புறம் எதுக்கு எங்கப்பா கிறுக்குத்தனமா..." பக்கத்தில் நின்ற ஜீப்பின் சக்கரத்தை ஒரு உதை விட்டாள்.

அண்ணி காரின் பக்கம் திரும்பினாள். பார்க்கச் சோப்பு டப்பா மாதிரி இருந்தது. வட்டமான இரண்டு விளக்கு, நடுவில் சின்ன முத்திரை, எப்போதும் யாரையோ பார்த்து வியந்துகொண்டிருப்பதுபோல ஒரு முகம். அதில் ஒரு கண் உடைந்திருந்தது.

மகள் அந்தக் காருக்கு அடியிலேயே வளர்ந்தவள். கேட்கக் கேட்கச் சொன்னாள். இந்தக் காரைச் செய்த கம்பெனி மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் அந்தக் கம்பெனி வண்டி இரண்டே இரண்டு. இது முதல் மாடல். ஏழு வருஷம் பிந்தி வந்த இரண்டாவது மாடல் ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர் ஒருவரிடம் இருக்கிறது. அப்பா இதை மூத்தது என்பார், அதை இளையது என்பார். இரண்டுக்கும் என்ஜின் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னால். முத்திரை, விளக்கு, விளக்கைச் சுற்றியுள்ள வெள்ளி வளையம் எல்லாம் ஒன்றே, இதில் கழற்றி அதில் மாட்டலாம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரே டப்பா பெயின்ட்டில் இரண்டுக்கும் வண்ணம் அடித்தவர் அவள் அப்பாதான். போன வருஷம் பதிவாளர் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு, இனி என் வண்டியை நானே பார்த்துக்கொள்வேன் என்று போய்விட்டார்.

"அப்ப அந்தப் பதிவாளர் வண்டியைப் போலீஸ் பாக்கலையா?"

"பாத்தாங்களாம். என்ஜினே இல்லையாம். கழட்டி மூணு மாசம் ஆச்சாம்."

ரேடியோ இதற்குள் காரில் ஏறி உட்காரப் போனான். கதவின் பின் ஓரத்தில் கைப்பிடியைத் தேடினான், அங்கே கீல்தான் இருந்தது. சுற்றி வந்து முன் ஓரத்தில் கண்டுபிடித்து இழுத்தான். கதவு எதிர்த்திசையில் விரிந்து அவன் முழங்காலைப் பதம் பார்த்தது.

"என்ஜின் பின்னாடி, டிக்கி முன்னாடி, கதவு தலைகீழ். முன்பின் யோசிக்காமச் செஞ்ச வண்டிபோல" என்று காலைத் தேய்த்துக்கொண்டான்.

"மூத்தது இப்படித்தான் திறக்கும்" என்றாள் மகள். "நிறைய பேர் விழுந்து வச்சாங்கன்னு இளையதுல மாத்திட்டாங்க. அது எல்லாக் கார் மாதிரியும் திறக்கும்."

அண்ணி அந்தக் கதவை இரண்டு தரம் திறந்து மூடினாள். பிறகு விளக்குகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உடையாத விளக்கின் வளையம் பொரிந்துபோய், புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. உடைந்த விளக்கின் வளையத்தில் அவள் முகம் தெரிந்தது.

"ஒரு கண்ணுக்கு மட்டும் மேக்கப் போட்டிருக்கு" என்றான் ரேடியோ.

"உங்கப்பா இதெல்லாம் தேய்ப்பாரா?"

"எங்கப்பா என்ஜினைத்தான் துடைப்பார். மூஞ்சியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டார்." அவளும் குனிந்து பார்த்தாள், நெற்றி சுருங்கியது. "இது எப்பலேருந்து இப்படி?"

அன்று காரை எங்கே நிறுத்தினாள் என்று அண்ணி கேட்டாள். ஐந்தரைக்கு ஆம்புலன்ஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட்டாளாம். காரைப் பின்பக்கச் சுவரோரம் விட்டாளாம். கையெழுத்துப் போட்ட மை காயவில்லை, போன் அடித்தது. அந்தப் பேக்கரிப் பெண்ணைத் தெருவிலிருந்து தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டவளே இவள்தான். நாள் முழுக்க ஓட்டம். சாயங்காலம் காரை எடுத்து வீட்டுக்குப் போனபோது விளக்கைப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை.

அண்ணி எழுந்து நின்றாள். முட்டி இரண்டும் கடகடத்தன. மணி பதினொன்றே முக்கால்.

அந்தத் தெருவில் நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் மாடியில் கடை வைத்திருந்த தையல்காரர். கல்யாணத்துக்குத் தைக்கவேண்டிய கோட்டு ஒன்றுக்காக அன்று சீக்கிரம் வந்து ஜன்னலைத் திறந்தாராம். அவருடைய வாக்குமூலம் போலீஸ் கோப்பில் ஆறே வரி. அதில் ஒரு வரியை அண்ணி குறித்துக்கொண்டு வந்திருந்தாள். 'ஓட்டுநர் காரை நிறுத்தி, கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.'

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து வந்தார். போலீஸிடம் சொன்னேனே, எத்தனை தரம் சொல்வது என்று முதலில் சலித்துக்கொண்டார். ஆளின் முகம் தெரியவில்லை, நம்பர் தெரியவில்லை, வெளிச்சம் அவ்வளவுதான் இருந்தது, வண்டியின் நிறமும் குட்டையும் மட்டும் தெரிந்தது என்றார். அண்ணி அவரை உட்காரச் சொல்லவில்லை. எங்கே நின்று பார்த்தாரோ அங்கேயே போய் நிற்கச் சொன்னாள்.

"அவன் கதவைத் திறந்தான். அப்புறம்?"

"உடம்பைப் பாதி வெளியே நீட்டினான். அந்தப் பொண்ணு பின்னாடி கிடக்கா, முனகுறது மாடிக்குக் கேக்குது. அவன் பின்னாடி திரும்பவே இல்லம்மா. முன்னாடி எட்டிப் பாத்தான். வண்டிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தான்." தையல்காரர் ஜன்னல் சட்டத்தில் கையை அறைந்தார். "இதையும் வாக்குமூலம் எழுதின ரைட்டர்கிட்ட சொன்னேன். எழுதிக்கல."

"அப்புறம் கதவை மூடினான்?"

"எங்க மூடினான்? ரெண்டு கையும் ஸ்டியரிங்குல இருந்துச்சு. வண்டி விருட்டுனு கிளம்புச்சு, கதவு தானா வந்து டப்புனு அடைச்சுக்கிச்சு."

"நிச்சயமா?"

"நான் தினமும் ஊசியில நூல் கோக்குறவன். என் கண்ணுக்கு என்ன கொறச்சல்?"

அண்ணி மேஜையில் கிடந்த அவருடைய அளவு நோட்டை எடுத்தாள். முதுகுப் பக்கம் முன்னால் இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, மேல் அட்டையைப் பாதி விரித்துவிட்டு, கடையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு விறுவிறுவென்று நடந்தாள். அட்டை தானாக மூடிக்கொண்டது. பிறகு நோட்டைத் திருப்பி, முதுகு பின்னால் இருக்கும்படி பிடித்து, அதேபோல அட்டையை விரித்துவிட்டு நடந்தாள். அட்டை படாரென்று முழுசாக விரிந்து மடங்கியது, அளவுச் சீட்டுகள் கடை முழுக்கப் பறந்தன.

"இது மூத்தது" என்றாள், சிதறிய சீட்டுகளைக் காட்டி. "கீல் பின்னாடி. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு வண்டியைக் கிளப்பினா கதவு இன்னும் அகலமாத் திறக்குமே தவிர மூடாது. இறங்கி, கையால இழுத்துச் சாத்தணும். தானா மூடின கதவு இளையதோட கதவு."

தையல்காரர் தன் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, அப்படியானால் உள்ளே இருப்பவன் வேறு ஆளா என்று கேட்டார். ஆமாம் என்றாள் அண்ணி. அந்த ஆறு வரியை எழுதிய ரைட்டர் 'மூடிக்கொண்டு' என்ற இடத்தில் 'மூடிக்கொண்டது' என்று கேட்டபடி எழுதியிருந்தால், ஒரு மனிதன் மூன்று நாளாகச் சிமென்ட் தரையில் படுத்திருக்க வேண்டியதில்லை. மாடிப்படி இறங்கும்வரை அண்ணி அந்த ரைட்டரையும், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்களையும், அந்தச் சம்பளத்துக்கு வரி கட்டும் தன்னையும் சேர்த்துத் திட்டினாள்.

பதிவாளர் வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்றரை. அவரே வந்து கதவைத் திறந்தார். மடிப்புக் கலையாத சட்டை, வழித்துச் சீவிய நரைமுடி, பேச்சில் வெண்ணெய். மெக்கானிக்குக்கு இப்படி ஆனதில் தனக்கு ரொம்ப வருத்தம் என்றார். சண்டை இருந்தாலும் கைத்தொழில் தெரிந்த மனுஷன் என்றார். காரைப் பார்க்கவேண்டும் என்றதும் முகம் மலர்ந்து பின்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

அந்தக் கொட்டகையில் கீழே சிந்தியதை எடுத்துச் சாப்பிடலாம். சுத்தியல்கள் உயர வரிசையில் நின்றன. நடுவில் இளையது. மூத்ததின் அதே முகம்தான், ஆனால் குளித்துப் பவுடர் போட்டு வந்த முகம். கதவு வழக்கம்போல முன்னால் கீல். ரேடியோ அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பதிவாளர் பின்பக்க மூடியைத் தூக்கினார். உள்ளே வெறும் இடம். நான்கு போல்ட் துளைகளும் ஒரு தொங்கும் கம்பியும்தான் இருந்தன. என்ஜின் கொட்டகை மூலையில் ஒரு பலகையின்மேல், போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மூணு மாசம் ஆச்சு கழட்டி. இன்ஸ்பெக்டர்கூட வந்து பாத்துட்டுப் போனார். என்ஜின் இல்லாத வண்டி எப்படிம்மா போய் ஆளை இடிக்கும்?" என்று மென்மையாகச் சிரித்தார்.

ரேடியோவின் முகம் காற்றுப்போன டியூப் மாதிரி ஆயிற்று. அண்ணி அந்த நான்கு துளைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். கதவு பொய் சொல்லாது. ஆனால் இந்த வெற்றிடமும் கண்ணெதிரே இருக்கிறது. நாலு மணிக்கு அந்த மெக்கானிக்கைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் ஒத்துக்கொண்டவனை வெளியே எடுப்பது குதிரைக்கொம்பு.

அவள் காரை ஒரு சுற்று வந்தாள். பழைய வழக்கம். முன்பக்கம் வந்ததும் நின்றாள். மூக்கு முதல் முத்திரைவரை எல்லாம் பளபளத்தது, ஒரு விளக்கின் வளையம் தவிர. அது பொரிந்து, புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது.

"இது மட்டும் ஏன் இப்படி?"

"அது... ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான். நல்லது கிடைக்கல" என்றார் பதிவாளர். முதல் தடவையாக அவர் பேச்சில் ஒரு கல் தட்டுப்பட்டது.

பாதிக்கிணறு தாண்டியாயிற்று. ஆனால் வளையத்தை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால் அந்த இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார். அண்ணி கொட்டகையைச் சுற்றிப் பார்வையை ஓட்டினாள். சுவர் அலமாரி முழுக்கச் சின்னச் சின்னக் காகித உறைகள். ஒவ்வொன்றின்மேலும் முத்து முத்தான கையெழுத்தில் சீட்டு.

"இதெல்லாம் என்னங்க?"

பதிவாளருக்குப் போன உயிர் வந்தது. ஒரு திருகாணியைக் கழற்றினால்கூட அது ஆறுவதற்குள் உறையில் போட்டு, என்ன பொருள், எங்கிருந்து கழற்றியது, என்றைக்குக் கழற்றியது என்று எழுதி ஒட்டிவிடுவாராம். பழைய வண்டியை வைத்திருக்கத் தகுதி வேண்டும், மெக்கானிக் மாதிரி எல்லாவற்றையும் ஒரே வாளியில் போடுகிறவர்களுக்கு அந்தத் தகுதி கிடையாது, சண்டையே அதில்தான் வந்தது என்றார்.

"தேதி எல்லாம் சரியா இருக்குமா? இல்ல, ஒரு குத்துமதிப்பா...?" அண்ணி வெள்ளந்தியாகக் கேட்டாள். அவளுக்கு அந்த முகம் கொஞ்சமும் பொருந்தாது, ஆனால் பதிவாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"முப்பத்தோரு வருஷம் பதிவாபீஸ்ல இருந்தவன்மா நான். எத்தனையோ பேர் தேதியை மாத்திப் போடச் சொல்லிக் கெஞ்சியிருக்காங்க, மிரட்டியிருக்காங்க. என் கையால ஒரு தப்பான தேதி விழுந்தது கிடையாது."

"கேட்டியா ரேடியோ? நல்லாக் கேட்டுக்க." அண்ணி கீழ்த்தட்டிலிருந்து, கனமான ஓர் உறையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "கண்ணாடி கொண்டுவரல. இதைப் படி."

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தி வாசிப்பவன்போல ஆரம்பித்தான். "என்ஜின் தாங்கி போல்ட்டு, நான்கு. கழற்றியது..." அங்கே நிறுத்தினான். வாழ்க்கையில் முதன்முறையாக அவன் குரல் இறங்கியது. "பதிமூணாம் தேதி. இந்த மாசம்."



"அது... மறுபடி சுத்தம் பண்ணி வச்ச தேதி" என்றார் பதிவாளர்.

"கழற்றியதுன்னு உங்க கையெழுத்துல இருக்கு. ஆறுறதுக்குள்ள எழுதுவேன்னு உங்க வாயால சொன்னீங்க. பன்னெண்டாம் தேதி ஒரு பொண்ணை இடிச்சிருக்கீங்க, பதிமூணாம் தேதி என்ஜினை இறக்கியிருக்கீங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட மூணு மாசம்னு பொய் சொல்ல உங்களுக்கு வாய் வந்துருக்கு. எழுத மட்டும் கை வரல."

பதிவாளர் பக்கத்தில் இருந்த முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். அண்ணி அவரை விடவில்லை. ஆம்புலன்ஸ் நிலையத்துப் பின்சுவரோரம் அதே கம்பெனிக் கார் நிற்கும் என்று அவருக்குத் தெரியும், விளக்கு வளையத்துக்கு ஒரே ஒரு திருகாணிதான், பட்டப்பகலில் இரண்டு நிமிஷத்தில் தன் உடைந்த விளக்கை வளையத்தோடு அதில் மாட்டிவிட்டு அதன் நல்ல விளக்கை எடுத்து வந்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவர் மறுக்கவில்லை. மெக்கானிக் ஒத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டபோது தனக்கே ஆச்சரியமாக இருந்தது என்றார்.

"நீங்க இறங்கல. முன்னாடி எட்டிப் பாத்தீங்க. எதைப் பாத்தீங்க?"

அவர் புரியவைக்க முயல்கிறவர்போலச் சொன்னார். "அந்த விளக்குக் கண்ணாடி இப்ப எங்கயுமே கிடைக்காதும்மா."

அண்ணியின் இரண்டு காதும் பற்றி எரிந்தன.

"அந்தப் பொண்ணோட காலு எந்தக் கடையில கிடைக்கும்? சொல்லுங்க, நான் போய் வாங்கிட்டு வரேன். ரெண்டு தெரு. ரெண்டே தெருய்யா. உங்க சீட்டுல உக்கார வச்சா ரத்தக்கறை ஆயிடும்னு யோசிச்சீங்களா? திருகாணிக்கு உறை போட்டு வைக்கிறீங்க, ஒரு மனுஷியை ரோட்டுல போட்டுட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கு வண்டி வச்சுக்கிற தகுதி இருக்குதா?"

அவர் வாயைத் திறந்தார். அண்ணி கை காட்டி நிறுத்தினாள். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"எழுதுங்க. எல்லாத்தையும். கீழ தேதி போடுங்க, அதுல நீங்க தப்பு பண்ண மாட்டீங்க."

பதிவாளர் எழுதினார். அப்போதும் எழுத்து முத்து முத்தாகத்தான் விழுந்தது. சாட்சிக் கையெழுத்தை ரேடியோ போட்டான். போட்டுவிட்டு, "அண்ணி, இதை அவருக்கே ஒரு உறையில போட்டுக் கொடுத்துடலாமா?" என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை.

பதிவாளரோடும், அந்த உறையோடும், கழற்றி எடுத்த கறுத்த வளையத்தோடும் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பத்து. கோர்ட்டுக்குக் கிளம்ப ஜீப் தயாராக நின்றது. இன்ஸ்பெக்டர் தாளைப் படித்தார், உறையைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், பதிவாளரைப் பார்த்தார். பேனா மூடி அவர் கையிலிருந்து நழுவி மேஜைக்கடியில் உருண்டது. குனிந்து எடுக்கக்கூட இல்லை. செய்யாத குற்றத்தை எதற்கய்யா ஒத்துக்கொண்டான், என் நேரத்தை வீணாக்கிவிட்டான் என்று மெக்கானிக்கின்மேல் பாய்ந்தார். தையல்காரரை மறுபடி கூப்பிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளும்வரை இங்கிருந்து நகரமாட்டேன் என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைசியில் இன்ஸ்பெக்டர் ரைட்டரைக் கூப்பிட்டார்.

மெக்கானிக்கை வெளியே கூட்டி வந்தார்கள். அதே நேரத்தில் மகள் வாசலில் நுழைந்தாள். ஒரு நோயாளியை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள், ஆம்புலன்ஸ் வெளியே நின்றது. அண்ணி மெக்கானிக்கிடம் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். இடித்தது பதிவாளர். விளக்கை மாற்றி வைத்ததும் அவர்தான்.

மெக்கானிக் அண்ணியின் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது தெரிந்தது.

"அப்ப, பாப்பா இல்லையா?" என்றார்.

சொன்ன பிறகுதான் வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

அண்ணி காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். ரேடியோ சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, தேடப்படுவோர் பட்டியலை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தான்.

"நானா?" என்றாள் மகள்.

அவர் ஏதேதோ சொன்னார். அன்று சாயங்காலம் அவள் சீருடையில் ரத்தத்தோடு வந்தாள். சாப்பிடவில்லை. குழாயடியில் உட்கார்ந்து அழுதாள். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். மறுநாள் காலை பார்த்தால் கார் விளக்கு உடைந்திருக்கிறது. மத்தியானம் போலீஸ் வெண்ணெய் நிறக் காரைத் தேடுகிறது என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

"அது அவ ரத்தம்ப்பா. நான் தூக்கினேன். ஆஸ்பத்திரி போற வரைக்கும் என் பேரைக் கேட்டுக்கிட்டே இருந்தா. அதான் அழுதேன்." அவள் குரல் உயரவே இல்லை. "இடிச்சுட்டு, அவளை அங்கேயே போட்டுட்டு, நான் ஓடி வந்துட்டேன்னு நெனச்சியா? நானா?"

"உன்னைக் காப்பாத்தணும்னுதான்..."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

மெக்கானிக் தன் கறுத்த நகங்களைப் பார்த்தார்.

"கேட்டா, ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

அண்ணி அன்று முழுக்க இன்ஸ்பெக்டரைத் திட்டியிருந்தாள், ரைட்டரைத் திட்டியிருந்தாள், பதிவாளரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டிருந்தாள். இந்த மனிதரை என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மகளுக்காகச் சிறைக்குப் போகத் துணிந்தவர். அந்த மகளை மூன்று நாளாக மனசுக்குள் குற்றவாளியாக வைத்திருந்தவரும் அவரேதான். கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

வெளியே ஆம்புலன்ஸில் உதவியாளர் ஹாரனைத் தட்டினார். புதிய அழைப்பு வந்திருக்கிறது. மகள் சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"அடுப்புல சோறு இருக்கு. சாப்பிடு. நான் இன்னிக்கு வீட்டுக்கு வரல."

அவள் படி இறங்கினாள். மெக்கானிக் சாவியோடு வாசல்வரை நடந்தார். கூப்பிடலாமா வேண்டாமா என்று வாயைத் திறந்து மூடினார். அவள் ஆம்புலன்ஸில் ஏறிய பிறகுதான் குரல் வந்தது.

"நாளைக்கு வருவியாம்மா?"

அவள் என்ஜினைக் கிளப்பினாள். ஒரு தரம் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இதையாவது வாயைத் திறந்து கேட்டியே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.